நெடுந்தூர ஓட்டம் யாருக்கு?

பழவங்காடி பிள்ளையார் கோயில் முன்பு தேங்காய் உடைபடும் ஓசை கேட்கத் தொடங்கும் அதிகாலை நேரத்தில், சாலை பஜாரில் லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும். தம்பானூரில் வண்டியை விட்டு இறங்கியவர்கள் பையும் கையுமாகக் கிழக்கேகோட்டை நோக்கி நடப்பார்கள். இவர்களுக்கு நடுவே பனியனும் கால்சட்டையும் அணிந்து ஓடிச் செல்பவர்களையும் இப்போது காண முடிகிறது. "வேலை வெட்டி இல்லாதவர்கள்" என்று டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஓட்டம் என்பது பள்ளிக்கூடப் பையன்களுக்கும், போலீஸ் வேலைக்கு மனுப் போட்டவர்களுக்கும், விலை உயர்ந்த ஷூ வாங்க வசதி உள்ளவர்களுக்கும் உரியது. குடும்பம் நடத்தும் குமாஸ்தாவுக்கும் கூலித் தொழிலாளிக்கும் அது எதற்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது தவறான எண்ணம்.

நாலில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக அது கூறியது. கேரளத்தில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் இந்த நோய் காணப்பட்டது. அதாவது, நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால் அதில் ஒருவர் சர்க்கரை நோயாளி.

எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்து பேரேடு பார்த்து, பஸ்ஸில் வீடு திரும்பி, இரவு பரோட்டா தின்று படுக்கும் குமாஸ்தாவைத்தான் இந்த நோய் முதலில் தேடி வருகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தாலோ, 75 நிமிடம் ஓடினாலோ உடம்புக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 75 நிமிடம் என்பது வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம். சினிமாவுக்கும் சீட்டாட்டத்துக்கும் ஒதுக்குகிற நேரத்தைவிட இது குறைவு.

மூட்டை தூக்கும் தொழிலாளியின் நிலை வேறு. அவருக்கு முதலில் வேண்டியது ஓய்வு. தோளும் முதுகும் நோக உழைத்த உடம்பைத் தினந்தோறும் ஓடு என்று விரட்டுவது அறிவீனம். வார விடுமுறை நாளில், பாரம் ஏதுமின்றி, கைவீசி மெதுவாக ஓடுவது அவருக்குப் போதும்.

ஐம்பதுக்கு மேல் ஓடியவர்

வயதாகிவிட்டது என்று சொல்பவர்களுக்கு மா. சுப்பிரமணியனின் கதை பதில் சொல்லும். கட்சி அபிமானத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பார்க்க வேண்டும். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்த அவர் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். கார் விபத்தில் முழங்காலில் அடிபட்டவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே ஓடத் தொடங்கி, 21 கிலோ மீட்டர் தூரமுள்ள அரை மாரத்தான் ஓட்டங்கள் நூற்றுக்கு மேல் ஓடி முடித்திருக்கிறார்.

உலகத்தின் மிகப் பழைய நெடுந்தூர ஓட்டங்களில் ஒன்றைத் தொடங்கி வைத்ததும் ஒரு சாதாரண ரயில்வே தொழிலாளியே. தென்னாப்பிரிக்காவில் ரயில் என்ஜின் டிரைவராக இருந்த விக் கிளாப்பம், முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நெடுந்தூரம் அணிவகுத்து நடந்தவர். மடிந்த தோழர்களின் நினைவாக, பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே ஓர் ஓட்டம் நடத்த அனுமதி கேட்டார். மறுத்தார்கள். விடாமல் கேட்டு, 1921-ல் அனுமதி பெற்றார். தூரம் சுமார் 90 கிலோ மீட்டர். முதல் ஆண்டில் ஓடத் தொடங்கியவர்கள் 34 பேர். முடித்தவர்கள் 16 பேர். 'காம்ரேட்ஸ்' என்ற பெயரில் இன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள்.

இந்தப் பாதை தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் இறங்கிய துறைமுகம் டர்பன். 1893-ல் காந்தியடிகள் ரயிலிலிருந்து தள்ளப்பட்ட ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். அங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கும், கறுப்பர்களுக்கும், பெண்களுக்கும் அந்த ஓட்டத்தில் முறைப்படி இடம் கிடைத்தது 1975-ல்தான். அத்தனை பாடுபட்டுக் கிடைத்த உரிமையை, இங்கே எந்தத் தடையும் இல்லாதவர்கள் சோம்பலால் இழக்கலாமா?

பதக்க மோகம்

அதே சமயம் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஓடத் தொடங்கிய மூன்றாம் மாதமே 21 கிலோ மீட்டருக்கும், ஆறாம் மாதம் 42 கிலோ மீட்டருக்கும் பெயர் கொடுக்கும் வழக்கம் பரவுகிறது. கழுத்தில் பதக்கம் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசைதான் காரணம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் பிடிக்கும். முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருபவர்கள் இந்தக் கணக்கை மறந்தவர்களே.

முதலில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்க வேண்டும். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது. ஐந்து கிலோ மீட்டர் நிற்காமல் ஓடிப் பல மாதம் பழகியவரே பத்துக்குப் போகலாம். ஓராண்டாவது விடாமல் ஓடியவரே அதற்கு மேல் நினைக்கலாம். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் வியர்வை ஆறாகப் பெருகும். நெடுந்தூரம் ஓடும்போது வெறும் தண்ணீரை மட்டும் வயிறு முட்டக் குடிப்பது ஆபத்து. உப்பிட்ட கஞ்சித் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ நல்லது. நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கலந்துகொள்ளாமல் தொடங்கக் கூடாது. நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இடம் எங்கே?

ஓடச் சொன்னால் போதுமா, இடம் வேண்டாமா? பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பௌஜா சிங், 89-வது வயதில், 2000-ல் லண்டன் மாரத்தானை ஓடி முடித்தவர். உலகமே வியந்த அந்தப் பெரியவர், 2025 ஜூலையில் சொந்த கிராமத்தருகே சாலையில் வாகனம் மோதி உயிரிழந்தார். இங்கும் இருட்டில் ஓடுபவர்களுக்கு ஒரு பக்கம் பஸ், மறு பக்கம் தெருநாய் என்ற பயம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதை ஒன்று குறிக்கப்பட்டது. அதுபோல இங்கும் செய்யலாம். பழவங்காடிக்கு அருகிலேயே புத்தரிக்கண்டம் மைதானம் இருக்கிறது. கூட்டங்களும் கண்காட்சிகளும் இல்லாத நாட்களில், காலை நாலரை மணி முதல் அங்கே விளக்கு எரிந்தால் நூறு பேர் பயமின்றி ஓடுவார்கள். பத்மநாப சுவாமி ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் போவதற்காக ஆண்டுக்கு இரு முறை விமானப் போக்குவரத்தையே நிறுத்தி வைக்கும் நகரம் இது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், ஒரு சாலையை மக்களுக்கு விட்டுக்கொடுப்பது அப்படியொன்றும் பெரிய காரியம் அல்ல.

ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம் கேட்கும் பந்தயங்களை நம்பித் தொழிலாளி காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவில் பாட்டுப் போட்டியோடு ஐந்து கிலோ மீட்டர் ஓட்டம் ஒன்றையும் சேர்க்கட்டும். பெண்களுக்கும் தனியாக இடம் ஒதுக்கட்டும். மாநகராட்சி விளக்குப் போடட்டும். ஊரை விட்டு வந்து பிழைப்பவனுக்கு உடம்புதான் முதல். அந்த முதலைக் காப்பாற்றிக்கொள்ள இருபத்தைந்து நிமிடம் செலவிடுவது வீண் செலவாகாது.