நாளை எண்ணுறது யாரு?

"நாளை எண்ணிக்கிட்டு இருக்கார்"னு ஒருத்தரைப் பத்திச் சொன்னா, 'சரி, டிக்கெட் வாங்கியாச்சு போல'ன்னுதான் தோணும். ஆனா வெளிநாட்டுல இருக்கற பையனும் ஊருக்கு வர நாளை எண்ணுவான். நிறைமாசக்காரியும் எண்ணுவா. (சாவுக்கும் பிரசவத்துக்கும் ஒரே வார்த்தை, நம்மாளுங்க லேசுப்பட்டவங்க இல்லை!) எதுவானாலும் எண்ணுறதுக்கு ஒரு ஆள் வேணும்.

"பாறு கழுகுகள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கின்றன"ன்னு எழுதறாங்களே, அதுதான் எனக்கு உறுத்துது. கழுகு எங்கேங்க எண்ணுச்சு?

எங்க ஊர் திருக்கழுக்குன்றம். பேர்லயே கழுகு. வேதகிரி மலையில தினமும் உச்சிவேளையை ஒட்டி ரெண்டு கழுகு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுட்டுப் போகும். வெள்ளை உடம்பு, மஞ்சள் மூஞ்சி. மஞ்சள்முகப் பாறுன்னு பேரு. காசியிலேர்ந்து வருது, ராமேஸ்வரத்துல குளிக்குதுன்னு ஆளுக்கொரு கதை. பட்சி தீர்த்தம்னு எங்கெங்கிருந்தோ பார்க்க வருவாங்க.

ஒருநாள் வரலைன்னா? "கூட்டத்துல எவனோ பாவி இருக்கான்"னுடுவாங்க. பக்கத்துல நிக்கறவனை ஒரு மாதிரி பார்த்துட்டுப் படியிறங்க வேண்டியதுதான். இந்த வாரம் எத்தனை நாள் வந்துச்சு, எத்தனை நாள் வரலைன்னு நான் ஒரு காகிதத்துல குறிச்சு வச்சதில்லை. 1990-களோட கடைசியில வர்றதே நின்னுபோச்சு. "கலி முத்திடுச்சு"ன்னாங்க. விசாரணை முடிஞ்சது.

அந்த வருஷங்கள்லதான் இந்தியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருந்தது. மாட்டுக்கு வலிக்குப் போடற டைக்ளோஃபினாக் மருந்து. அந்த மாடு செத்து, அதைத் தின்னா கழுகுக்குச் சிறுநீரகம் போயிடும். 2004-லதான் ஆய்வு வெளியாச்சு. 2006-ல கால்நடைக்கு அதைத் தடை பண்ணாங்க. அதே மாதிரி கெடுதல் பண்ற கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் ரெண்டையும் தடுக்க 2023 வரைக்கும் ஆச்சு. மலை மேல பாவியைத் தேடினோம், அவன் மருந்து பாட்டில்ல இருந்தான்.

2023-ல தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா வனத்துறைங்க சேர்ந்து ஒரே நேரத்துல பாறு கழுகுகளை எண்ணினாங்க. எண்ணுறதுன்னா அது. அதனால, கழுகு நாளை எண்ணுதுன்னு எழுதறவங்க, 'நாம எண்ணாம விட்டோம்'னு எழுதுங்களேன். வாக்கியமும் சின்னது.

நான் இப்போ சங்கு தீர்த்தக் கரையில உட்கார்ந்து நீர்க்காக்கா எண்ண ஆரம்பிச்சிருக்கேன். போன ஞாயித்துக்கிழமை 14. நோட்டுல குறிச்சாச்சு.