ரேஸ் காரா, விண்டேஜ் காரா?

துருப்பிடிச்ச பழைய ஃபியட் பளபளன்னு மாறுற வீடியோவை வாரா வாரம் ஃபாலோ பண்ற ஆளா நீங்க? கடைசியில் அந்த காருக்கு என்ன நம்பர் பிளேட் வரும்னு யோசிச்சிருக்கீங்களா?

2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டின கார் 'விண்டேஜ்'. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பிளேட்டில் 'விஏ' எழுத்து. சுரக்குடியில் ஷெட் போட்டாலும் இதேதான். முன்னாடி 'பிஒய்' வரும், அவ்வளவுதான். கண்காட்சி, ராலிக்கு எடுக்கலாம். தினமும் ஓட்டக் கூடாது.

சிக்கல் வேற இடத்துல இருக்கு. சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாதாம். ஆனா, சோழவரத்துல ஓடின கார்கள்? 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்றதுக்கு முன்னாடி, இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ் அது. ஃபியட், ஹெரால்டு எல்லாத்தையும் சீட்டைக் கழற்றி, எடையைக் குறைச்சு, இன்ஜினை டியூன் பண்ணித்தான் இறக்கினாங்க. அந்த மாற்றம்தான் காரோட வரலாறே!

அதையெல்லாம் அழிச்சு, கம்பெனியில் இருந்து வந்த மாதிரி ஆக்கினா 'விஏ' கிடைக்கும். ரேஸ் கார் போயிடும். அப்படியே விட்டா பதிவு சந்தேகம், டிரெய்லர்ல ஏத்தித்தான் கொண்டுபோகணும். ரேஸ்ல ஓடினதுக்கு ஆதாரம் இருக்குற கார்களுக்கு விதிவிலக்கு தரணும். அதுவரைக்கும், அடுத்த வீடியோவில் பழைய இன்ஜினைக் கழற்றினா, அது எங்கே போகுதுன்னு கமென்ட்ல கேளுங்க.