நடு அடுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என் கடையில் மார்க் ஷீட்டைவிட ஆதார் கார்டுதான் அதிகம் ஓடும். சேரப்பணஞ்சேரியில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கார்டைக் கண்ணாடிமேல் கவிழ்க்கும்போது பிறந்த தேதி கண்ணில் பட்டுவிடும். நான் கேட்காமலே சொல்வார்கள்: "இன்னும் நாலு மாசம் இருக்குதுக்கா." ஒரகடத்துக் கம்பெனியில் லைனில் நிற்க 18 முடிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் முடிந்தாயிற்று, கம்பெனி டேக் இன்னும் கழுத்துக்கு வரவில்லை. அந்த நாலு மாதமும் ஒரு பெண் சோறு வடித்துக்கொண்டு, போனை நோண்டிக்கொண்டு, காலேஜா கம்பெனியா என்று அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் படிக்க என்ன கொடுப்பது? பல வருஷமாக எனக்கு இதே கவலை.

லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் மூன்றடுக்கு ஷெல்ஃப் ஒன்று இருக்கிறது. காசு வேண்டாம், நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் புத்தகத்தை எடுத்துப் போகலாம். கீழ் அடுக்கு குழந்தைகளுக்கு. மேல் அடுக்கில் பெரியவர்கள் படிக்கும் நாவல்கள். நடு அடுக்கில் ரொம்ப நாள் ரெக்கார்டு நோட்டுதான் அடுக்கியிருந்தேன்.

கீழ் அடுக்கை நிரப்பத் தமிழில் கஷ்டமே இல்லை. அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் போட்ட பாதையில் இன்றும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். பள்ளிக்கல்வித் துறையே ஆறாம் வகுப்பிலிருந்து 'தேன்சிட்டு' என்று பத்திரிகை கொடுக்கிறது. அதுவும் ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. சாகித்திய அகாதெமியில் இரண்டு விருது இருக்கிறது. பால சாகித்திய புரஸ்கார் குழந்தைகளுக்காக எழுதிய புத்தகத்துக்கு. யுவ புரஸ்கார் 35 வயதைத் தாண்டாத எழுத்தாளருக்கு. ஒன்றில் படிக்கிறவர் வயது கணக்கு, இன்னொன்றில் எழுதுகிறவர் வயது கணக்கு. நாலு மாதம் காத்திருக்கும் அந்தப் பெண் இரண்டு கணக்கிலும் வரமாட்டாள்.

அண்மைக் காலமாக 'இளையோர் நாவல்' என்று அட்டையில் போட்டே புத்தகங்கள் வருகின்றன. சந்தோஷமாகத்தான் வாங்கி வைத்தேன். பெரியவர்கள் வாய் திறக்கக் கூசும் பாலியல் சீண்டலைப் பேசிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இல் வாங்கியது. இரண்டும் என் கடையில் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் எடுப்பவர்கள் ஏழாவது, எட்டாவது. பிளஸ் ஒன் படிக்கும் ஒருத்தி ஒரே ராத்திரியில் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "நல்லாத்தான் இருக்குதுக்கா. என் தம்பிக்குக் கொடுக்கலாம்" என்றாள். அதற்குமேல் விமர்சனம் தேவையா?

இரா. நடராசனின் 'ஆயிஷா' மட்டும் விதிவிலக்கு. பத்தாம் வகுப்பு மாணவியைப் பற்றிய மெலிந்த புத்தகம். எத்தனை பிரதி வாங்கி வைத்தாலும் காணாமல் போகிறது. படித்துவிட்டுக் கண் சிவந்து வந்தவர்கள் உண்டு. போன வருஷம் அதைத் திரும்பப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கதையைச் சொல்வது ஆயிஷா இல்லை, அவளுடைய டீச்சர். நம் பிள்ளைகள் மனசுக்கு மிக நெருக்கமாக வைத்திருக்கும் கதையிலும் 'நான்' என்று பேசுவது ஒரு பெரியவர். குற்ற உணர்ச்சியும் அவருடையது. கதைக்கு அது பொருத்தம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆயிஷாவே பேசுகிற இன்னொரு புத்தகம் வேண்டும் இல்லையா?

அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் என்ற பெண் 15 வயதில் ஒரு நாவலை எழுத ஆரம்பித்தார். ஊர் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா. வசதியான வீட்டுப் பையன்களுக்கும் ஏழை வீட்டுப் பையன்களுக்கும் தெருவில் நடக்கும் அடிதடிதான் கதை. 14 வயதுப் பையன் ஒருவன் 'நான்' என்று சொல்லிக்கொண்டு போகிறான். 1967இல் 'தி அவுட்சைடர்ஸ்' என்று அது வெளிவந்தபோது ஹின்டனுக்கு 18. தன் வயதுக்காரர்களுக்குப் படிக்க உருப்படியாக ஒன்றும் இல்லையே என்ற எரிச்சலில் எழுதியது. ஒரு தோழி கொடுத்த ஆங்கிலப் பிரதியை அகராதியும் கையுமாகப் படித்து முடித்தேன். எங்கள் ஊரிலும் இரண்டு தெருப் பையன்கள் கிரிக்கெட் மைதானத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதை யாரும் எழுதவில்லை.

'பதினாறு வயசுப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்' என்று மேடையில் அங்கலாய்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர்கள் படிக்கிறார்கள், போனில் படிக்கிறார்கள். தொடர்கதை ஆப்களில் அத்தியாயம் அத்தியாயமாகக் காதல் கதை ஓடுகிறது. கதாநாயகன் பெரிய தொழிலதிபர், கோபக்காரன், கன்னத்தில் அறைவான், கடைசியில் காதலிப்பான். கருத்து எழுதும் இடத்தில் எல்லாரும் இதயமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். எனக்கு இதைப் பழிக்க வாயில்லை. நானும் 19 வயதில் கம்பெனி ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேராக இருந்துகொண்டு, நைட் ஷிப்ட் முடிந்து வந்து ரமணிசந்திரன் படித்தவள்தான். புத்தகத்தைக் கிழித்து ஆளுக்குப் பத்துப் பக்கமாகச் சுற்றில் விட்டுப் படித்திருக்கிறோம். அந்தக் கதாநாயகர்கள் யாரும் கம்பெனி பஸ்ஸில் வரவில்லை, அது வேறு கதை. இந்த வயதுக்குக் காதல் கதை எழுதவே கூடாது என்று நல்ல எழுத்தாளர்கள் ஒதுங்கிக்கொண்டால், அந்த இடத்தை அறைகிற நாயகன் பிடித்துக்கொள்வான். பிடித்தும்விட்டான்.

ஒரு அப்பா கடைக்கே வந்து சண்டை போட்டார். "பசங்களுக்குப் போய் இதெல்லாம் ஏம்மா கொடுக்கிற?" மகள் எடுத்துப் போன நாவலில் ஒரு காதல் கடிதம் வருகிறதாம். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். கோபம் ஆறவில்லை. போகும்போது அதே மகளின் ஆதாருக்கு இரண்டு காப்பி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

மேல் அடுக்கிலிருந்து கீழே இறக்க முடிகிற புத்தகங்களும் சில உண்டு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை இளையோர் நாவல் என்று யாரும் விற்கவில்லை. ஆனால் அதில் ஆடு மேய்க்கும் பையன்கள் பண்ணையத்தில் படும் பாட்டைப் பள்ளிக்கூட லீவில் குடோனில் மூட்டை தூக்கும் பையன் சட்டென்று பிடித்துக்கொள்கிறான். ஐடிஐ படிக்கும் ஒருவன் இரண்டு மாதம் வைத்திருந்து, பக்கமெல்லாம் கிரீஸ் விரல் ரேகையோடு கொண்டுவந்தான். 'பொன்னியின் செல்வன்' படம் வந்த புதிதில் கல்கிக்கு வரிசை கட்டினார்கள். ஐந்து பாகத்தில் இரண்டாம் பாகத்தைக் கேட்டு வந்தவர் ஒருவர்தான்.

எழுத விஷயம் இங்கே கொட்டிக் கிடக்கிறது. தாத்தா நிலம் விற்ற காசில் வாங்கிய பைக்கை ஓட்டிக்கொண்டு, அந்த நிலத்தில் எழுந்த கம்பெனி கேட்டிலேயே காண்ட்ராக்ட் வேலைக்கு நிற்கும் பேரன். ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் மீடியத்தில் சேர்ந்து, ஆறே மாதத்தில் எங்கள் பையன்களைவிட நன்றாகத் தமிழில் திட்டும் பையன். அக்கா பி ஷிப்ட் முடிந்து வரும்வரை தூங்காமல் கதவைத் திறந்துவிடும் தங்கை. இவர்களுக்கெல்லாம் அறிவுரை நிறையக் கிடைத்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் யாராவது ஆசிரியர் வந்து காப்பாற்றவும் வேண்டாம். பதிப்பகத்தார் கையெழுத்துப் பிரதியை அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கட்டும். அவர்கள் எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள் என்று மட்டும் கேட்டால் போதும். நூலகத் துறைக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கிளை நூலகங்களில் குழந்தைகள் பகுதிக்கும் போட்டித் தேர்வுப் பகுதிக்கும் நடுவே ஒரே ஒரு ரேக் இவர்களுக்கு ஒதுக்குங்கள்.

ரெக்கார்டு நோட்டுகளை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன். நடு அடுக்குக்கு இன்னும் பெயர் எழுதி ஒட்டவில்லை; பிள்ளைகளே 'நடு அடுக்கு' என்று கூப்பிடுகிறார்கள். போன வாரம் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. இப்போது பதினொன்று. 'கூளமாதாரி'யை யாரோ நோட்டில் பெயர் எழுதாமல் எடுத்துப் போயிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும். கேட்கப்போவதில்லை.