முதல் பருவத்தில் எந்தச் சொற்கள்?

உளவியல் படிக்க வரும் நம் பிள்ளைகளின் கையில் முதல் வாரத்திலேயே ஒரு கலைச்சொல் பட்டியல் வந்துவிடுகிறது. மனச்சோர்வு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, ஆளுமைக் கோளாறு என்று அதில் நோய்ப் பெயர்களே மிகுதி. மாணவர்களும் அவற்றைத்தான் ஆவலோடு மனனம் செய்கிறார்கள். பருவம் பாதி போவதற்குள் அறைத்தோழிக்கு இருதுருவக் கோளாறு, சித்தப்பாவுக்கு ஆளுமைக் கோளாறு என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. விரிவுரையாளர்களும் களப்பயிற்சி மேற்பார்வையாளர்களும் இந்த வரிசையை மாற்றியாக வேண்டும்.

ஜொகூரில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. தம்போயில் 1937-இல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு இன்று பெர்மாய் என்று பெயர். ஆனாலும் "இவன தம்போய்க்குத்தான் அனுப்பணும்" என்ற ஏச்சு குளுவாங்கிலும் சிகாமாட்டிலும் இன்னும் ஓயவில்லை. ஊர்ப்பெயரே வசவாகிப்போன மாநிலத்தில், அரைகுறையாகப் புரிந்த நோய்ப்பெயரும் சீக்கிரமே வசவாகிவிடும்.

முதலில் வரவேண்டியவை கற்றலையும் ஆய்வுமுறையையும் சார்ந்த சொற்கள்: தூண்டல், துலங்கல், வலுவூட்டல், மாறி, கருதுகோள், ஒட்டுறவு, நம்பகத்தன்மை, ஏற்புடைமை. இவற்றுள் சில அன்றாடப் பேச்சில் வேறு பொருளில் புழங்குவதால், படித்தவுடன் புரிந்துவிட்டதாகத் தோன்றும். பிழை நுழைவதும் அங்கேதான்.

எதிர்மறை வலுவூட்டலை எடுத்துக்கொள்வோம். தேர்வுத்தாளில் இதைத் தண்டனை என்று எழுதாத வகுப்பு அரிது. ஸ்கின்னர் சொன்னது வேறு: வேண்டாத ஒன்று விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுவது. மாசாயில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தாயும் தந்தையும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரனைப் பள்ளிக்குக் கிளப்புவது பாட்டியின் பொறுப்பு. திங்கட்கிழமை வந்தால் பையனுக்கு வயிற்றுவலி, அழுகை. "சரிய்யா, இன்னிக்குப் போக வேணாம்" என்று பாட்டி சொன்ன சிறிது நேரத்தில் வலி அடங்கிவிடுகிறது. பள்ளியைப் பற்றிய அச்சம் விலகியதால் பையனின் தவிர்ப்பு வலுப்பெறுகிறது. அழுகை நின்றதால் பாட்டி விட்டுக்கொடுப்பதும் வலுப்பெறுகிறது. பையன் நடித்தான் என்றோ, பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்தார் என்றோ இங்கே யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அச்சத்தால் வரும் வயிற்றுவலியும் உண்மையான வலிதான். இந்தக் கருத்தைச் சரியாகப் பிடித்த மாணவி, பள்ளியில் பையன் எதைக் கண்டு அஞ்சுகிறான் என்று விசாரிப்பாள். அவனைப் படிப்படியாக வகுப்புக்குத் திரும்பச் செய்ய வழி தேடுவாள். தண்டனை என்று மனப்பாடம் செய்தவளுக்கு அந்த வீட்டில் நடப்பது கண்ணிலேயே படாது.

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் இன்னும் பெரிய சிக்கல். டாஸ்-21 வினாத்தாளை நம்மில் பெரும்பாலோர் கையாள்கிறோம். 1995-இல் ஆஸ்திரேலியாவில் லொவிபாண்ட் என்ற பெயருடைய இருவர் உருவாக்கிய கருவியின் சுருக்க வடிவம் அது. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் ஏழு வினாக்கள். ரம்லி மூசாவும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் மலாய் வடிவத்தைச் சோதித்து வெளியிட்டார்கள். களப்பயிற்சிக்குப் போன மாணவி, மலாய் படிக்கத் தெரியாத ஒரு தோட்டத்து அம்மாவிடம் அந்த வினாக்களை அங்கேயே தமிழாக்கிக் கேட்கிறாள். மலாய் வடிவத்தின் அட்டவணையைப் பார்த்து மதிப்பெண்ணும் போடுகிறாள். அவள் எண்ணம் நல்லது. ஆனால் கேட்ட அந்த நொடியிலேயே அது சோதிக்கப்படாத வேறொரு கருவியாகிவிட்டது. "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று அந்த அம்மா நாளைக்கும் அதே பதிலைச் சொல்லலாம். அந்த நிலைத்தன்மை நம்பகத்தன்மையின் ஓர் அடையாளம். அந்தப் படபடப்பு பதற்றமா, இதயக் கோளாறா, மருந்தின் விளைவா என்பது ஏற்புடைமை சார்ந்த கேள்வி. அதற்கு வினாத்தாளின் கூட்டுத்தொகை பதில் சொல்லாது. வாய்மொழியாக மொழிபெயர்த்துக் கேட்டதைக் கோப்பில் குறித்துவைக்கும் பழக்கத்தையாவது மேற்பார்வையாளர்கள் முதல் நாளே கற்பிக்க வேண்டும். டாஸ்-21 வடிகட்டும் கருவி, நோயறிதல் இல்லை என்பதையும் சேர்த்தே.

பரவல் வீதம் என்ற சொல்லுக்கு அதிக நேரம் தேவையில்லை. தேசிய சுகாதார ஆய்வுகளின்படி மலேசியாவில் மனச்சோர்வு 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6 விழுக்காடு. இரட்டிப்பு என்று செய்தி வந்ததும், புதிதாக நோய்ப்பட்டவர்கள் இரட்டிப்பாகிவிட்டதாக மாணவர்கள் எழுதினார்கள். பரவல் வீதம் காட்டுவது அந்தக் காலத்தில் அந்நிலையில் இருப்போரின் பங்கை மட்டுமே.

தொழிற்பெயர்களையும் முதல் பருவத்திலேயே பிரித்துக் காட்டிவிட வேண்டும். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவும் தொழில்புரியும் சான்றும் இல்லாத எவரும் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மருத்துவ உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். நம் மக்கள் மூவரையும் 'டாக்டர்' என்றே அழைக்கிறார்கள். மாணவரும் அப்படியே மயங்கினால், உதவி தேடி வருபவர் தவறான வாசலில் போய் நிற்பார்.

தமிழில் எந்தச் சொல்லை எடுப்பது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பெரியசாமித் தூரன் 'அடிமனம்' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். பாடநூல்கள் நனவிலி மனம் என்கின்றன. ஆலோசனைப் பணியை இலங்கையில் உளவளத்துணை என்றும் தமிழ்நாட்டில் ஆற்றுப்படுத்துதல் என்றும் சொல்கிறார்கள். எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதமே. ஆங்கிலத்தில் படித்து மலாயில் அறிக்கை எழுதும் மாணவி, தான் படித்த கருத்தை மாசாய்ப் பாட்டிக்குத் தமிழில் கலைச்சொல்லே இல்லாமல் விளக்க முடிகிறதா என்று ஒவ்வொரு வகுப்பிலும் சோதித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால், ஆங்கிலத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை நான் நம்ப மாட்டேன்.

மேலே சொன்ன எட்டுச் சொற்களுக்கும் உங்கள் வகுப்பிலோ ஆலோசனை அறையிலோ பயன்பட்ட எடுத்துக்காட்டுகளை எழுதி அனுப்புங்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிடுங்கள். ஒட்டுறவுக்கு நம் ஊர் எடுத்துக்காட்டு எதுவும் இதுவரை கைவசம் இல்லை, அதிலிருந்தே தொடங்கலாம்.