மறுபடியும் மணல்தான்

"ஓடுற தண்ணிக்குத் தோஷம் கிடையாது அண்ணாச்சி." இந்த வாரம் நெல்லையில், தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் ஒருவர் சொன்னார். சொல்லிக்கொண்டே பிள்ளையை முங்கிக் குளிக்கவும் சொன்னார். எனக்கு மனசு கொதித்தது.

தோஷத்துக்குக் கணக்கு இருக்கிறது. மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியா நூறு மில்லி நீரில் 500க்குள் இருந்தால்தான் குளிக்கலாம் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்க 50. முழுதாகச் சுத்திகரித்துக் குடிக்கவே 5,000தான் எல்லை. இந்த ஆற்றைக் காக்கச் சொல்லி எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடுத்த வழக்குக்காக 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் பி. புகழேந்தியும் நேரில் வந்து, நெல்லையின் சாக்கடை ஆற்றில் இறங்கும் இடங்களைப் பார்த்துப் போனார்கள்.

ஆனாலும் படித்துறையில் பார்த்த அந்த மனிதர் அப்படி நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் இந்த ஆறு தன்னைத் தானே தேற்றிக்கொண்டது. அந்த வேலையில் பெரும்பங்கு மணலுடையது. மறுபடியும் மணலா என்பீர்கள். மறுபடியும் மணல்தான்.

ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகளில் ஊறுகிற தண்ணீர்தான் நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. மணலுக்குள் மெல்லக் கசிந்து இறங்கும்போதே கிருமிகளில் பெரும்பகுதி அங்கே சிக்கிக்கொள்ளும். மணல்மேல் படிகிற வழவழப்பான படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்றும் தீர்க்கும். 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குடித்தது. காலராவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒட்டியிருந்த அல்டோனாவோ ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் நீரைத்தான் எடுத்தது. ஆனால் மணல் படுகையில் வடிகட்டி எடுத்தது. அதனால் பெரும்பாலும் தப்பியது. இரண்டு ஊருக்கும் எல்லையான தெருவில், ஒரு சிறகில் காலரா, எதிர்ச்சிறகில் இல்லை. நெல்லைக்குக் கீழே இருக்கிற ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மணலைத்தான் நம் ஆற்றிலிருந்து லாரி லாரியாக அள்ளினார்கள். அதே ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு, முதிர்ந்த வயதில் தானே கோர்ட்டில் நின்று வாதாடி, 2010-ல் மதுரைக் கிளையிடம் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வாங்கினார். அதற்குள் பல இடங்களில் அடிக்களிமண் தெரிந்துவிட்டது. இன்று அங்கெல்லாம் அமலைச் செடியும் சீமைக்கருவேலும். உறைகளோ தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கின்றன.

சாக்கடையைத் தடுக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. கூடவே இன்னொன்றும் கேட்கிறேன். ஆற்று நீரில் கோலிஃபார்ம் எண்ணுகிறவர்கள், ஒவ்வொரு உறைகிணற்றைச் சுற்றியும் எத்தனை அடி மணல் மிஞ்சியிருக்கிறது என்பதையும் ஆண்டுதோறும் அளந்து, இரண்டு கணக்கையும் சேர்த்தே ஊருக்குச் சொல்லட்டும்.