டிஸ்சார்ஜ் ஆனால் வைத்தியம் முடிந்ததா?

பெரியப்பாவுக்கு ஆவுடையார்கோவில் பக்கத்தில் கிராமம். குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "எட்டு நாள் கழிச்சு வாங்க" என்று ஒரு சீட்டு. முழுக்க ஆங்கிலம். அவர் போகவில்லை. புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்ட பிறகு தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கிடைத்த முதல் வைத்தியம் திட்டு! "படிக்காத ஜனங்க, சொன்னா எங்க கேக்குறாங்க..."

அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஏன் போகவில்லை? அறந்தாங்கிக்கு ஒரு பஸ், அங்கிருந்து புதுக்கோட்டைக்கு இன்னொரு பஸ். துணைக்கு வரும் அண்ணனுக்கு ஒரு நாள் கூலி போச்சு. வலியும் இல்லை. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குடா வெட்டிச் செலவு?" இது அலட்சியமா நண்பர்களே? சுத்தமான கணக்கு! மேலே காய்ந்த புண் உள்ளே சீழ் வைக்கலாம் என்று அவருக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவ ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு 'லாஸ்ட் டு ஃபாலோ-அப்' என்று பெயர். தொலைந்து போனவர்களாம்! பெரியப்பா எங்கேயும் தொலையவில்லை. திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். தேடத்தான் ஆளில்லை.

இது சின்ன விஷயம் என்பவர்களுக்கு: உலகில் ஆண்டுதோறும் குறைந்தது 42 லட்சம் பேர் ஆபரேஷன் முடிந்த 30 நாட்களுக்குள் இறக்கிறார்கள் என்று 2019-ல் லான்செட் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. ஹெச்ஐவி, காசநோய், மலேரியா மூன்றும் சேர்ந்து கொல்வதைவிட அதிகம்.

பாடம் பக்கத்து மதுரையிலேயே இருக்கிறது. 1999-ல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, அங்கே கிராமங்களுக்குக் கண் முகாம் வந்தும், கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேர்தான் போனார்கள். இலவசம் என்றால் மட்டும் போதாது! பஸ், சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டால், ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவரே வீடு வீடாகப் போய்ப் பேசினால், ஜனங்கள் வருகிறார்கள் என்று 1991-லேயே இன்னொரு ஆய்வு சொல்லிவிட்டது. அரவிந்த் கண் மருத்துவமனை முகாமுக்கு வந்தவர்களை பஸ்ஸில் அழைத்துப்போய், ஆபரேஷன் செய்து, திரும்ப ஊரில் விடுகிறது. சில வாரம் கழித்து அந்த ஊருக்கே வந்து கண்ணைப் பார்க்கிறது. கண்ணுக்கு முடிந்தது வயிற்றுக்கு ஏன் முடியாது?

டாக்டர்களுக்கு வேலைப்பளு, உண்மை. டாக்டரை நான் திண்ணைக்குக் கூப்பிடவில்லை. தமிழில் ஒரு சீட்டு. எட்டாம் நாள் ஒரு போன். தையல் பிரிக்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதே வீட்டில் தையல் போட்ட புண்ணையும் ஒரு பார்வை பார்த்தால் குறைந்தா போய்விடும்?

ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையும் நண்பர்களே, திரும்ப வராத பத்து பேர் வீட்டுக்குப் போய் "ஏன் வரல?" என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் அதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

பெரியப்பா இப்போது நலம். தழும்பு மட்டும் கொஞ்சம் பெரிசு.