மழைக்குள் கார் சார்ஜ்: பயம் எந்த முனையில்?

நமது ஊரில் பிளக்-இன் ஹைபிரிட் கார் வைத்திருப்போர் மாரி தொடங்கினால் கேட்பது ஒன்றுதான்: "மழைக்குள் சார்ஜ் போட்டால் கரண்ட் அடிக்காதா?" காரில் மாட்டும் முனையைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். அதுவோ மழையை நினைத்தே செய்யப்பட்டது. காரும் சார்ஜரும் ஒன்றையொன்று சரிபார்த்த பின்னர்தான் அதில் மின்சாரம் ஓடும்.

ஆபத்து மறுமுனையில். யன்னலால் இழுத்த எக்ஸ்டென்ஷன் வயர், முற்றத்துத் தண்ணீரில் கிடக்கும் மல்டி பிளக், அதற்கு மேல் சுற்றிய சொப்பிங் பேக் (இந்த வைத்தியத்தை யார் கண்டுபிடித்தாரோ!). மணிக்கணக்கில் 8, 10 அம்பியர் இழுத்தால் மெல்லிய வயர் சூடாகி உருகும்.

அதைவிடக் கவலை, மழைக்கு விழுகிறதென்று ட்ரிப் சுவிட்சையே விலக்கி நேரடியாகக் கரண்ட் கொடுத்திருக்கும் வீடுகள். 30 மில்லியம்பியர் கசிந்தாலே வெட்டுவதுதான் அதன் வேலை. அடிக்கடி விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது. அதே முற்றத்தில்தான் நமது பிள்ளைகள் செருப்பில்லாமல் விளையாடுகிறார்கள்.

போர்டிகோ சுவரில் உயரமாக, மூடியுள்ள வெளிப்புற பிளக் பொயின்ட் ஒன்றை எர்த்தோடு தனி வயரில் போடுவிப்போம். கார் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவா? அதுவரை மழை நாளில் சார்ஜ் போடாமல் விடுவோம். பெற்றோலிலும் ஓடும் கார்தானே.